நிதானம் தவறிய ஞாயிறு

வேனில் வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதாவது படிவம் நிரப்பும்போதுதான் வெளியே வரும்.

பதினேழு வருடமாக அவருக்கு ஒரே வேலை. சிறுநீரகம் பழுதானவர்களைக் காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி, டயாலிசிஸ் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்து, வெளுத்துப்போய் அவர்கள் வெளியே வரும்போது மறுபடி ஏற்றி வீட்டு வாசலில் சேர்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஒரு கூட்டம், மற்ற மூன்று நாள் இன்னொரு கூட்டம். ஊசி குத்திய கையில் சின்னக் குலுக்கல் பட்டாலும் அவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் வேகத்தடை வந்தால், தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிறவரைப் போல முன்சக்கரத்தை ஏற்றி இறக்குவார். பின்னால் வருகிறவன் கத்தினால், "அவ்வளவு அவசரம்னா மேல பறந்து போகட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட மனுஷரைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகப் போலீஸ் பிடித்தது.

அவர் குடிகாரர் இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, யாராவது வற்புறுத்தினால் உண்டு. அன்றைக்கு வற்புறுத்தியவர் ஹாரன். அதே கம்பெனியில் இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டி, அறுபது முடிந்து ஓய்வு பெற்றவர். ஹாரனில் கை வைக்காமல் ஒரு தெருவைக் கடக்கத் தெரியாது என்பதால் அந்தப் பெயர். ஓய்வு பெற்றதற்காகக் கூட வேலை பார்த்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு மத்தியான விருந்து வைத்திருந்தார். "இனிமே உன்னோட நான் எப்போ உட்கார்ந்து குடிக்கப் போறேன்" என்று ஹாரன் கண் கலங்கியதும் நிதானத்துக்கு மறுக்க வாய் வரவில்லை. சாப்பிட்டு, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்து, முகம் கழுவிவிட்டுத்தான் சொந்தக் காரை எடுத்தார். தலை சுற்றவில்லை. கால் தடுமாறவில்லை. நன்றாகத்தான் இருந்தார். அதாவது, நன்றாகத்தான் இருப்பதாக நினைத்தார்.

பாலம் இறங்கியதும் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். கண்ணாடியை இறக்கினார் நிதானம்.

"சிவப்புல வந்துட்டீங்களே ஐயா, பார்க்கலையா?"

அவர் பார்க்கவில்லை. அங்கே ஒரு விளக்கு இருப்பது தெரியும். பதினேழு வருடமாக அந்த விளக்கில் நின்றிருக்கிறார். ஆனால் சற்றுமுன் அதைக் கடந்ததே அவருக்கு நினைவில் இல்லை.

"கைவண்டி தள்ளிக்கிட்டு ஒருத்தர் ரோட்டுல இறங்கினாரு. உங்களைப் பார்த்துட்டுப் பின்னாடி இழுத்துக்கிட்டாரு. அவரையும் பார்க்கலையா?"

இல்லை என்று நிதானம் தலையை ஆட்டினார். போலீஸ்காரர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஊதச் சொன்னார், ஊதினார். காரை ஓரமாக நிறுத்திச் சாவியை வாங்கிக்கொண்டு, அவரை ஜீப்பில் பின்னால் உட்காரவைத்தார்கள். ஸ்டேஷனில் எழுதிய போலீஸ்காரர் இரக்கப்பட்டாரோ, சோம்பல்பட்டாரோ, சிவப்பு விளக்கை எழுதவில்லை. குடித்திருந்தது மட்டும் பதிவானது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கு முடியும்வரை ஓட்டலாம் என்று ஒரு தற்காலிகச் சீட்டும், ஐந்து வாரம் கழித்துக் கோர்ட்டுக்கு வரச் சொல்லி ஒரு காகிதமும் கொடுத்தார்கள். ஆறரை மணிக்கு மனைவியும் மைத்துனரும் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார்கள்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பிரேமுக்கு ஏற்ப லென்ஸை அரைத்துப் பொருத்துவது அவள் தொழில். எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்கிற பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு குடித்தீர்கள் என்று. மூன்று கிளாஸ் என்றார். எப்படிப் பிடித்தார்கள் என்று மைத்துனர் கேட்டதற்கு, வந்த வண்டியை எல்லாம் நிறுத்தி ஊதச் சொன்னார்கள் என்றார். அது பொய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மைத்துனருக்கு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். முதல் தடவை, யாருக்கும் அடிபடவில்லை. நல்ல வக்கீலாக வைத்தால் அபராதத்தோடு போனாலும் போகும். அப்போதுதான் நிதானம் கேட்டார்.

"மாப்ளே, ஆபீசுக்குத் தெரியுமா?"

"யாரு சொல்லப் போறாங்க மாமா? ஞாயித்துக்கிழமை. உங்க சொந்த வண்டி. கோர்ட்டுக் காகிதம் வீட்டுக்குத்தான் வரும். முதலாளிக்கு எழுதிப் போடுறது போலீசோட வேலை இல்லை. அவங்களா தோண்டிப் பார்த்தாத்தான் உண்டு. இல்லைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை இன்சூரன்ஸ்காரன் எல்லா டிரைவரோட கணக்கையும் எடுப்பான். அதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. நீங்க வாயைத் திறக்காம இருங்க, போதும்."

வாயைத் திறக்காமல் இருப்பது நிதானத்துக்குக் கஷ்டமான காரியம் இல்லை. அவர் எப்போதுமே பேச்சில் சிக்கனம். ஆனால் திங்கட்கிழமை காலை வேனை எடுத்தபோதுதான், பேசாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்று புரிந்தது. முதலாளியம்மா போன் செய்தால் ஐந்தாறு மணி அடித்த பிறகுதான் எடுத்தார். இன்னொரு டிரைவர் "என்ன அண்ணே, சேதி தெரியுமா?" என்று ஆரம்பித்தால், குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிடுவார். சேதி, டயர் விலை ஏறியதாக இருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை விளக்குகள். சிவப்பு விழுந்தால் நிற்பார், சரி. பச்சை விழுந்த பிறகும் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்து, மறுபடி விளக்கைப் பார்த்து, அப்புறம்தான் நகர்த்துவார். பச்சையாக இருக்கும் விளக்கை நெருங்கும்போதே கால் பிரேக்குக்குப் போய்விடும்.

முன் சீட்டில் உட்காரும் கணக்கு வாத்தியார் செவ்வாய்க்கிழமையே கவனித்துவிட்டார். எழுபது வயது, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் போனாலும் கிண்டல் போகாத மனுஷர்.

"நிதானம், பச்சை விழுந்தாச்சு. இதைவிடப் பச்சையா ஒரு பச்சை வராது."

பின்னால் இருந்த தையல்காரம்மா சிரித்தார். அறுபதை நெருங்கும் அந்த அம்மாளுக்கு நிதானத்தின் மேல் தனிப் பிரியம். போன வருடம் மருமகள் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னபோதுகூட, "நான் நிதானத்தோட வண்டியிலேயே போறேன், அதுலதான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டவர். அன்றைக்கும் திரும்பி வரும்போது சேலை முந்தானையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். நிதானத்துக்குக் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கைவண்டிக்காரர் என்று ஒருவரை அவர் பார்க்கவே இல்லை. பார்க்காத அந்த மனுஷர்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் வந்து நின்றார்.

இப்படி மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஒரு வியாழக்கிழமை முதலாளியம்மா ஆபீசுக்கு வரச் சொன்னார்.

அந்த அம்மாளுக்கு வயது நாற்பத்தெட்டு. ஒரு பழைய வேனை வாங்கித் தானே ஓட்டித் தொழில் ஆரம்பித்தவர். இப்போது எட்டு வேன். ஆபீஸ் என்பது வண்டி கழுவும் முற்றத்தின் ஓரத்தில் ஒரு அறை. சுவரில் ஒவ்வொரு நோயாளியின் நேரமும் வண்ண அட்டைகளில் குத்தியிருக்கும். நிதானம் உள்ளே போகும்போது, தெரிந்துவிட்டது, இதோடு முடிந்தது என்றே நினைத்தார். முதலாளியம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

புது வேன் வருகிறது. சக்கர நாற்காலியை அப்படியே தூக்கி உள்ளே வைக்கிற மேடை உள்ளது. அதை நிதானத்திடம்தான் தரப்போவதாகச் சொன்னார். எட்டுப் பேரில் யாரிடம் தருவது என்று தான் யோசிக்கவே இல்லை என்றும் சொன்னார். பிறகு மேசை மேல் இருந்த ஒரு படிவத்தை நகர்த்தினார். புது வண்டியின் இன்சூரன்சுக்காக டிரைவர் தரவேண்டிய உறுதிமொழி. கடந்த மூன்று வருடத்தில் விபத்து, வழக்கு, கைது ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தது. பக்கத்தில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது.

"உங்களுக்கு என்ன இருக்கப்போகுது அண்ணே, நானே போட்டுட்டேன். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க."

நிதானம் பேனாவை எடுத்தார். எடுத்த பேனாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி வண்டியில் இருக்கிறது, படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. முதலாளியம்மா அதைப் பார்த்தாரோ, இல்லையோ.

வீட்டுக்கு வந்து படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மனைவி படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றாள். டிக் போட்டது அவர்கள், நீங்கள் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் இந்த வேலை போனால், போலீஸ் கேஸ் உள்ள டிரைவரை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? இவ்வளவு நாள் மூச்சு விடாமல் இருந்துவிட்டு, இப்போது வலியப் போய்த் தலையைக் கொடுக்க வேண்டுமா? அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார், விஷயம் அதோடு திசை மாறிப் போயிருக்கும்.

"நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லலை" என்றார் அவர். "எல்லாரையும் நிறுத்தலை. என்னைத்தான் நிறுத்தினாங்க. சிவப்புல போயிருக்கேன். எனக்கே தெரியாது. குறுக்கே ஒரு ஆளு இறங்கியிருக்காரு. அதுவும் தெரியாது."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அவர் பின்னாடி இழுத்துக்கிட்டதால தப்பிச்சாரு. நான் ஒதுக்கி ஓட்டினதால இல்லை. நான் நல்லா ஓட்டுறேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் வந்துக்கிட்டிருந்தேன்."

"அந்த விளக்கு எரியாம இருந்திருக்கும்" என்றாள் அவள். சொன்ன உடனே, தான் சொன்னதைத் தானே நம்பவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. படிவம் மேசையிலேயே கிடந்தது. சாப்பிடும்போது அதைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

காலையில் அவர் செருப்பு மாட்டும்போது அவள் படிவத்தை மடித்து அவர் பையில் வைத்தாள்.

"சொல்லிடுங்க. ஆனா காலை டிரிப்பை முடிச்சுட்டுச் சொல்லுங்க. பாவம், அவங்க வண்டிக்காகக் காத்துக்கிட்டு நிப்பாங்க."

அதன்படியே காலை டிரிப்பில் அன்றைய கூட்டத்தை இறக்கிவிட்டு, பத்து மணிக்கு ஆபீசுக்குப் போனார். முதலாளியம்மா போனில் இருந்தார். முடிக்கும்வரை நின்றார். பிறகு படிவத்தை மேசையில் வைத்து, "இந்த டிக் தப்பு மேடம்" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, விருந்து, பாலம், சிவப்பு விளக்கு, கைவண்டி, ஸ்டேஷன், கோர்ட்டுத் தேதி, எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டித் தீர்த்தார். முதலாளியம்மா நடுவில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை கிளாஸ்?"

"மூணு மேடம்."

"சரியாச் சொல்லுங்க அண்ணே."

"நாலு."

மனைவியிடம்கூட அவர் சொல்லாத எண் அது.

முதலாளியம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். மன்னித்துவிடுவார் என்று ஒரு நப்பாசையும் உள்ளே இருந்தது. அந்த அம்மாள் இரண்டையும் செய்யவில்லை. தான் போட்ட டிக்கை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இதை ஏன் எங்கிட்ட சொன்னீங்க?"

நிதானத்துக்குக் கேள்வி புரியவில்லை.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க பாட்டுக்கு ஓட்டியிருப்பீங்க, நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதைத் தெரியாததா எப்படி ஆக்குறது? உங்களை ஓட்டவிட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சுதான் விட்டேன்னு ஆகும். நிறுத்தினா, இருக்கிறதுலேயே நல்ல டிரைவரை நானே வெட்டி எறிஞ்ச மாதிரி ஆகும். உங்க மனசுல இருந்த பாரத்தை இறக்கி என் தலையில வச்சுட்டீங்க."

அது உண்மை என்று அவருக்குப் பட்டது. சொன்னால் பாரம் குறையும் என்று மட்டும்தான் நினைத்திருந்தார். அது இன்னொருவர் தலைக்குப் போகும் என்று யோசிக்கவே இல்லை. "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார். எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

வெளியே உட்காரச் சொன்னார். முற்றத்தில் வண்டி கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மா யார் யாருக்கோ போன் செய்வது கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. பகல் டிரிப்புக்கான நேரம் நெருங்கியது. அவருடைய வேனின் சாவி அவர் கையில்தான் இருந்தது. போகலாமா, கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவர் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டரைக்கு முதலாளியம்மா கதவைத் திறந்தார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தார் நிதானம்.

முடிவு இதுதான். கோர்ட்டு என்ன சொல்கிறதோ அது சொல்லும்வரை ஓட்டக் கூடாது. லைசென்ஸை நிறுத்திவைத்தால், அது திரும்பிவந்து, இன்சூரன்ஸ்காரரும் சரி என்ற பிறகுதான் மறுபடி ஸ்டியரிங். அதுவரை உதவியாளர் வேலை. நாற்காலியைத் தள்ள வேண்டும், படியில் கை பிடிக்க வேண்டும், மாத்திரைப் பையைத் தூக்க வேண்டும். சம்பளம் உதவியாளர் சம்பளம்தான். புது வேன் வேறொருவருக்கு. இன்னொன்றும் சேர்த்தார். இனிமேல் காலையில் வண்டி எடுக்கும் முன்னால் எட்டு டிரைவரும் ஊதிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்காக இரண்டு வாரம் மற்ற டிரைவர்கள் நிதானத்தோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது தனிக்கதை.

"பயணிகளுக்குக் கண்ணுல கோளாறுன்னு சொல்லிக்கலாம்" என்றார் முதலாளியம்மா. "அது உங்க விருப்பம். நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அவருடைய வேனுக்கு அவசரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. முதலாளியம்மா ஹாரனுக்குப் போன் போட்டார். ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட முடியவில்லை, வீட்டில் பொழுது போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், சட்டையை மாட்டியும் மாட்டாமலும் வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நான்தானே ஊற்றினேன், நான்தானே ஊற்றினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊற்றியது நீ, குடித்தது நான் என்று நிதானம் அவரைச் சமாதானப்படுத்தும்படி ஆயிற்று.

மறுநாள், சனிக்கிழமை, ஹாரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நிதானம் பின்னால், சக்கர நாற்காலிகளுக்குப் பக்கத்தில், மடக்கு சீட்டில் உட்கார்ந்தார். முதல் வேகத்தடையிலேயே வண்டி ஆடு மாதிரி துள்ளியது. தையல்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு முனகினார். நான்கு தெருவுக்குள் இருபது தடவை ஹாரன் அடித்தாயிற்று. கணக்கு வாத்தியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எங்க வண்டியை யாரோ கடத்திட்டாங்க போலிருக்கே. நீங்க ஏன் பின்னாடி உட்கார்ந்திருக்கீங்க நிதானம்? உடம்புக்கு என்ன?"

கண்ணில் கோளாறு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை சார். குடிச்சுட்டுக் காரை ஓட்டிப் போலீஸ்ல மாட்டிக்கிட்டேன். கேஸ் நடக்குது. இது நடந்து மூணு வாரம் ஆச்சு. இந்த மூணு வாரமும் உங்ககிட்ட சொல்லாமத்தான் ஓட்டினேன்."

ஹாரன்கூட ஹாரனை மறந்துவிட்டார். வாத்தியார், மனுஷன் என்றால் தவறு வரும், தானும் ஒரு காலத்தில் பரீட்சைத் தாளைத் திருத்தாமலே மார்க் போட்டவன்தான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். தையல்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிலையத்தில் இறங்கும்போது நிதானம் கை நீட்டினார். அந்த அம்மாள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு மூச்சாக, தானே இறங்கினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று. நிதானம் கை நீட்டுவதை நிறுத்தவில்லை, அந்த அம்மாள் பிடிக்கவும் இல்லை. ஒருநாள் திரும்பி வரும்போது, மற்றவர்கள் இறங்கிப்போன பிறகு, அவராகவே பேசினார்.

"நீங்க குடிச்சதுக்குக் கோபம் இல்லை தம்பி. என் வீட்டுக்காரர் குடிக்காத நாளே இல்லை. அந்த மூணு வாரம் இருக்கே, அதுக்குத்தான். நான் கண்ணை மூடிக்கிட்டு உங்க பின்னாடி வந்தேன். நீங்க தெரிஞ்சுகிட்டே ஓட்டினீங்க."

"ஆமாம்மா" என்றார். அன்றைக்கு வாசலில் இறங்கும்போது அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்தார். மன்னித்ததாலா, அன்றைக்கு மயக்கம் கொஞ்சம் அதிகமாக இருந்ததாலா என்று நிதானம் ஆராயப் போகவில்லை. பிடித்த கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கோர்ட்டில் மைத்துனர் சொன்னபடி அபராதத்தோடு போகவில்லை. நீதிபதி காகிதத்தைப் பார்த்தார், தொழில் என்ன என்று கேட்டார். நோயாளிகளை ஏற்றும் வண்டிக்கு டிரைவர் என்று பதில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை அவரை ஏற இறங்கப் பார்த்தார். அபராதமும் போட்டு, லைசென்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்தியும் வைத்தார். வெளியே வந்ததும் மைத்துனர், முதலாளியிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஆறு மாதத்தை எப்படி மறைத்திருப்பீர்களோ என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வாயைத் திறக்க வேண்டாம் என்று சொன்னது யார் என்று கூட வந்திருந்த அக்கா கேட்டதும் கையை இறக்கிவிட்டார்.

அந்த ஆறு மாதம் சுலபமாகப் போகவில்லை. மனைவி கடையில் சனிக்கிழமையும் வேலைக்குப் போனாள். காரை விற்றார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும்போது, டிரைவர் போடும் ஒவ்வொரு பிரேக்கையும் நிதானத்தின் வலது கால் தானும் போட்டது. ஆனால் பின்னால் உட்கார்ந்து போனதில், பதினேழு வருடத்தில் தெரியாத சில விஷயங்கள் தெரிந்தன. எந்தத் திருப்பத்தில் யாருக்குக் குமட்டுகிறது, வாத்தியார் சிரிக்கும்போது எந்தக் கையை மறைத்து வைத்துக்கொள்கிறார், வீடு நெருங்க நெருங்க யாருக்கு முகம் தெளிகிறது, யாருக்கு வாடுகிறது. முன்னால் இருந்தபோது கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் தலைகள்தான்.

எட்டாவது மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தாள்கள் வந்தன. முதலாளியம்மா நிதானத்தைக் கூப்பிட்டு இரண்டாவது பக்கத்தைக் காட்டினார். அவருடைய பெயர், வழக்கு எண், தேதி, தண்டனை எல்லாம் ஒரு வரியில் அச்சாகியிருந்தது.

"சொல்லாம இருந்திருந்தா, இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "பத்தே கால் மணிக்கு நீங்க வெளியே போயிருப்பீங்க."

முன்பே தாங்களாகச் சொல்லியிருந்ததால் இன்சூரன்ஸ்காரர் சம்மதித்துவிட்டதாகவும், ஆனால் இந்த ஒரு வரிக்காகத் தன்னிடம் அதிகப் பணம் பிடுங்குகிறார் என்றும் சொன்னார். பணத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலில் கடுமை இருந்தது. அந்தக் கடுமை போகும் முன்பே சாவியை எடுத்து மேசையில் வைத்தார். பழைய வேனின் சாவிதான்.

ஹாரன் இரண்டாவது தடவையாக ஓய்வு பெற்றார். இந்தத் தடவை விருந்து வைத்தாலும் மோர்தான் ஊற்றுவேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் நிதானம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். பாலத்தடி விளக்கில் சிவப்பு. நின்றார். பச்சை. இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது, யாரென்று பார்க்க அவர் கண்ணாடிக்குக் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

திரும்பி வரும்போது தையல்காரம்மா முன்னால் சாய்ந்து, ஒரு உதவி செய்ய முடியுமா என்று கேட்டார். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருடைய மகள் புதிதாகத் துணிக்கடை திறந்திருக்கிறாள். அளவு எடுக்கத் தெரிந்த ஆள் இல்லையாம். உட்கார்ந்த இடத்தில் இரண்டு மணி நேரம் அளவு மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும். வீட்டுக்குப் பதிலாக இன்றைக்கு அங்கே இறக்கிவிட முடியுமா? இரண்டு தெரு தள்ளித்தான்.

"ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு இறக்கிவிடுறேம்மா" என்றார் நிதானம்.

"ரெண்டு தெருதானே? அதுக்குமா கேக்கணும்?"

"ஆமாம்மா. கேட்டுடுறேன்."

"சரி, கேளுங்க" என்று அந்த அம்மாள் பின்னால் சாய்ந்துகொண்டார். "எட்டு மாசத்துல மனுஷன் ரொம்பத்தான் நல்லவரா ஆயிட்டாரு, தாங்க முடியலை."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். நிதானம் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார்.